நாச்சிமுடிக்கு வெற்றிலை பாக்கு

மன்னார்குடியைச் சுற்றி எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போனாலும் மேடு என்று சொல்லிக்கொள்ள வேகத்தடையை விட்டால் வேறு கிடையாது. அம்மிக்கல் வேண்டுமென்றால் வெளியூர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், தண்ணீர்கூட எந்தப் பக்கம் ஓடுவதென்று நின்று யோசித்துவிட்டுத்தான் ஓடும். அப்படித் தோசைக்கல்லாகக் கிடக்கிற பூமியில், செண்பகா நகர் மூன்றாம் தெருவில், கடைசி வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு மலை வந்து உட்கார்ந்தது என்றால் அதற்கு அந்தக் கடைசி வீட்டு சுகுணாவின் வாய்தான் காரணம்.

சுகுணாவின் வாய்க்கு ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு. பால்காரர் அவள் தெரு திரும்புவதற்கு முன்பே நல்லவராகிவிடுவார். ஆனால் மலையை வரவழைத்தது அவளுடைய கோபம் இல்லை, மரியாதை. அதுதான் கூத்து.

அவளுக்கு மலை மேல் ஓர் ஆசை பள்ளிக்கூடத்திலிருந்தே இருந்தது. கான்வென்டில் பூகோளம் எடுத்த சிஸ்டர் பெர்னதெத், சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பிரம்பால் தட்டி, "பச்சை என்றால் சமவெளி, பழுப்பு என்றால் மலை, உங்களுக்கெல்லாம் பச்சைதான்" என்று சொன்ன அன்றைக்கே, ஒரு நாள் அந்தப் பழுப்பில், அதுவும் பழுப்பின் நட்டநடு உச்சியில், தன் இரண்டு காலையும் ஊன்றி நிற்பதென்று சுகுணா முடிவு செய்தாள். பள்ளி உல்லாசப் பயணத்துக்கு அப்பா அனுப்பவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் தட்சிணாமூர்த்தி அழைத்துப் போன இடமெல்லாம் கோயிலும் அவருடைய அக்கா தங்கை வீடும்தான், இரண்டிலும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் வேலை பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல், கத்திரி வெயிலில் ஊரே கருகிக்கொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்தில், எதிர்வீட்டு ஹேமலதா டீச்சர் தெருப் பெண்களையெல்லாம் ஒரு வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு நாச்சிமுடி தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டபோது, சுகுணா முதல் ஆளாக முன்சீட்டில் ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

நாச்சிமுடி லேசான இடம் இல்லை. ரயில் முடிந்து, பஸ் முடிந்து, தேயிலைத் தோட்டம் முடிந்து, செல்போன் கோடும் முடிந்த பிறகு ஒரு கயிறு குறுக்கே கட்டியிருக்கும், பிளாஸ்டிக் பையையெல்லாம் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கிருந்துதான் பூங்காவே ஆரம்பம். சோலைக்காடு, அதற்கு மேல் புல்வெளி, அதற்கும் மேல் வழுக்கைத் தலையாக ஒரு பாறை, பாறை நடுவில் காற்றில் கூன் விழுந்த ஒற்றைக் காட்டுப்பூவரசு, அதன் உடம்பெல்லாம் சிவப்புப் பூ. கீழே நின்று அண்ணாந்து பார்த்ததும் சுகுணாவுக்குத் தலை கிறுகிறுத்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை.

ஆனால் கூட வந்ததுகள் ஏற விட்டால்தானே. முதல் வளைவில் புளியோதரை. இரண்டாவது வளைவில் ஹேமலதா டீச்சர் எல்லோரையும் உயரவாரியாக நிறுத்திப் படம் எடுத்தாள். மூன்றாவது வளைவில் சுகுணாவோடு தொற்றிக்கொண்டு வந்த நாத்தனார் கௌசல்யா காலில் ஓர் அட்டை ஏறிவிட, அவள் போட்ட சத்தத்தில் எதிர் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த வரையாடெல்லாம் நிமிர்ந்து பார்த்தன. அட்டையை எடுக்க உப்பு, உப்பை எடுக்க மூட்டை, மூட்டையைப் பிரித்ததால் மறுபடியும் புளியோதரை. உச்சி கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது மேலேயிருந்து வெள்ளையாக மஞ்சு இறங்கி வந்து பாதையில் உட்கார்ந்துகொண்டது.

"இதுக்கு மேல வேண்டாங்கம்மா, திரும்பிருங்க" என்றார் வனத்துறை வாட்சர் போஜன். தொப்பிக்கு வெளியே மீசை மட்டும் தெரிகிற மனிதர்.

"இதோ தெரியுதே உச்சி! ஓடிப் போய்த் தொட்டுட்டு வந்துர்றேன்."

"போன வருசம் ஒருத்தரு இப்படித்தான் ஓடிப் போயித் தொட்டாருங்க. அவரத் தேட நாலு பேரு போனோம். அந்த நாலு பேரத் தேட எட்டுப் பேரு வந்தாங்க. எல்லாருக்கும் சேத்து டீ போட்டே எம் சம்சாரத்துக்குக் கை ஓஞ்சு போச்சு."

அந்த சம்சாரத்தை நினைத்துத்தான் சுகுணா திரும்பினாள். திரும்புமுன் ஒரு நிமிஷம் நின்றாள். மன்னார்குடிப் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும், அது பங்காளிச் சண்டை வீடாகவே இருந்தாலும், வாசலில் செருப்பை மாட்டும்போது ஒன்றைச் சொல்லாமல் கிளம்புகிற வழக்கம் இல்லை. வாய் தன்னால் சொல்லும். சுகுணா மஞ்சைப் பார்த்து, மஞ்சுக்குப் பின்னால் இருந்த மலையைப் பார்த்துச் சொன்னாள்:

"நாங்கதான் வந்துட்டுப் போறோம், நீங்க வரவே மாட்டேங்கிறீங்க. ஒரு நாள் குடும்பத்தோட நம்ம வீட்டுக்கு வாங்க."

இதற்குச் சரியான பதில் "கண்டிப்பா" என்பது. சொன்னவர் மறந்துவிட வேண்டும், கேட்டவரும் மறந்துவிட வேண்டும். இது காவிரிக்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். மலைக்குத் தெரியவில்லை. பாவம், அது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறது!

ஊர் திரும்பி, சேர்ந்து கிடந்த புருஷன் வேட்டி துண்டெல்லாம் துவைத்து, கால் வலி தீர்ந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கோலமாவு டப்பாவோடு வாசலுக்கு வந்த சுகுணா, இன்னும் விடியவில்லையே என்று கிழக்கே பார்த்தாள். கிழக்கை நாச்சிமுடி மறைத்துக்கொண்டிருந்தது. சொன்னபடியே குடும்பத்தோடு வந்திருந்தது: சோலைகள், இரண்டு அருவிகள், வரையாட்டு மந்தை, சின்னதாக ஒரு மேகம். யானைகள் மட்டும் வரவில்லை; அதுகளுக்கு என்ன வேலையோ. அவ்வளவு பெரிய மலை ஒரு காலி மனையில் எப்படி அடங்கியது என்று கேட்கிறவர்கள், கல்யாணத்துக்கு வந்த சொந்தமெல்லாம் ஒரே ஹாலில் எப்படிப் படுத்தது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். விருந்தாளி என்றால் ஒடுங்கத் தெரிய வேண்டும். நாச்சிமுடி புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்ட மாதிரி அடிவாரத்தை ஒடுக்கிக்கொண்டு, உயரத்தில் ஓர் அங்குலம் குறையாமல் உட்கார்ந்திருந்தது.

"வாங்க வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?" என்று சுகுணா ஒரு சொம்புத் தண்ணீரை அடிவாரத்தில் ஊற்றிவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். "என்னங்க, எந்திரிங்க. நாச்சிமுடி வந்திருக்காங்க."

"யாரு, உன் சித்தப்பா பொண்ணா?" என்றார் தட்சிணாமூர்த்தி போர்வைக்குள்ளிருந்து. "தங்குவாளா, சாயங்காலமே கிளம்பிருவாளா?"

இதே கேள்வியைத்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பக்கிரிசாமியும் காலை பத்து மணிக்கு வந்து கேட்டார்.

"தெருவுல மறைவா இருக்குன்னு புகார் வருதும்மா. விசிட்டர் எத்தனை நாள் இருப்பாங்க?"

"வந்தவங்ககிட்ட எப்பப் போறீங்கன்னு கேக்குற குடும்பத்துல நான் பொறக்கலை. நீங்க பொறந்திருந்தா நீங்களே கேளுங்க."

பக்கிரிசாமி மலையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், "சாப்பிட்டாச்சுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஊர் மலையோடு பழகிவிட்டது. மன்னார்குடிக்குப் பழக எவ்வளவு நேரம் ஆகும்? அன்று மத்தியானமே வெயில் பட்ட பாறைகளில் யார் யாரோ வடாம் பிழிந்துவிட்டார்கள், எது யார் வடாம் என்று மாலையில் சண்டை வந்தது. மூன்றாம் தெருவுக்குச் சூரியன் தாமதமாக வருவதால் மூன்றாம் தெரு ஆட்கள் ஆபீசுக்குத் தாமதமாகப் போகலாம் என்று அவர்களாகவே தீர்மானித்துக்கொண்டார்கள், நான்காம் தெரு பொறாமையில் வெந்தது. பரணிலிருந்து மங்கிகேப்பும் காசிக்குப் போனபோது வாங்கிய கம்பளியும் கீழே இறங்கின. கத்திரி வெயிலில் ஊதி ஊதிக் காபி குடிக்கிற சுகம் என்றைக்குக் கிடைக்கும்! ஒவ்வொரு வாசலிலும் அட்டைக்காக ஒரு கிண்ணம் உப்பு வந்தது, திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் அதுவும் ஒரு சாஸ்திரம் போல. வரையாடுகள் காம்பவுண்டுச் சுவர் மேல் வரிசையாக நடந்து போய்ப் பெருமாள் கோயில் மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் ஏறுவது ஒரு பெரிய விஷயமா என்ற முகத்தோடு திரும்பி வந்தன. ஆண்கள் எதிரொலியைக் கண்டுபிடித்தார்கள். சொன்னதையே மறுத்துப் பேசாமல் திருப்பிச் சொல்கிற ஒருத்தி ஊருக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், வீட்டில் யாரும் காது கொடுக்காத பெரிய மனிதர்களெல்லாம் மாலை வேளையில் மலைக்கு எதிரே நின்று தங்கள் அபிப்பிராயங்களைச் சத்தமாகச் சொன்னார்கள்.

சில நாளில் வாட்சர் போஜனும் ஒரு பையோடு வந்து சேர்ந்தார்.

"நீங்க எங்க இங்க?" என்றாள் சுகுணா.

"மலை எங்கயோ டூட்டி அங்கதானுங்களேம்மா" என்று தன் கயிற்றை எடுத்து மூன்றாம் தெருவின் குறுக்கே கட்டினார். அன்றிலிருந்து தட்சிணாமூர்த்தி கத்தரிக்காய் வாங்கி வந்தாலும் பிளாஸ்டிக் பையைக் கயிற்றடியில் கொடுத்துவிட்டுக் கத்தரிக்காயை வேட்டி மடியில் கட்டிக்கொண்டுதான் சொந்த வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

எல்லாம் சரி. மலை வந்த வீட்டுக்குச் சொந்தம் வராமல் இருக்குமா? முதலில் கௌசல்யா குடும்பத்தோடு வந்தாள், அப்புறம் கௌசல்யாவின் சம்பந்தி வீடு, சம்பந்தியின் ஓரகத்தி, யாரென்றே தெரியாமல் ஒரு மாமா. எல்லோரும் காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினார்கள், மத்தியானம் இறங்கி வந்து சாப்பிட்டார்கள், சாயங்காலம் மறுபடி ஏறினார்கள். ஓர் அட்டைக்கு ஊரைக் கூட்டிய கௌசல்யா இப்போது குட்டி வரையாட்டோடு போட்டி போட்டு ஏறினாள்.

"அண்ணி! உச்சியில நின்னா முத்துப்பேட்டை கடல் தெரியுது அண்ணி! நீங்க இன்னும் ஏறலையா? என்ன அவசரம், வாசல்லதானே இருக்கு, எப்ப வேணா ஏறலாம். இன்னும் ரெண்டு ஈடு பஜ்ஜி போடுங்க, மேலே காத்து பசியைக் கிளப்புது."

சமையலறை ஜன்னலிலிருந்து சுகுணாவுக்குத் தெரிந்ததெல்லாம் மலையின் கால் கட்டைவிரல் அளவு ஒரு பாறையும் அதில் ஒட்டிய ஒரு நத்தையும்தான். நத்தைகூட நாளுக்கு ஒரு முழம் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்கும் உச்சிக்கும் நடுவில் மஞ்சு நின்றது. இன்றைக்குக் கரண்டி நின்றது. மஞ்சாவது கலையும்.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கமாக நழுவி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வளைவு வரை போய்விட்டாள். கீழேயிருந்து தட்சிணாமூர்த்தியின் குரல் வந்தது: "சுகுணா, சீரகம் எங்கே?" மலை வெகுளி, அதையும் எடுத்து அருவி அருவியாக, பாறை பாறையாகத் திருப்பிச் சொன்னது: சீரகம் எங்கே, எங்கே, எங்கே. ஊர் முழுக்கக் கேட்ட பிறகு எப்படி மேலே போவது? இறங்கி வந்து எடுத்துக் கொடுத்தாள். கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, இருபத்தெட்டு வருஷமாக இருக்கிற அதே இடத்தில்.

வைகாசி முடியும்போது போஜனுக்கு அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. போஜன் மீசையை முறுக்காமல் வந்து சங்கக் கூட்டத்தில் நின்றார்.

"அங்க நெலமை சரியில்லீங்க. மலை இருந்த எடத்துல வெயில் நேரா விழுந்து தேயிலை கருகுதாம். கேரளாப் பக்கமிருந்து மேகமெல்லாம் கெளம்பி வந்து, சாஞ்சுக்க எடமில்லாம, வந்தது வந்தபடி தாண்டிப் போவுதாம். ஒரு சொட்டு விழலீங்க."

கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த விவசாயிகளுக்குத்தான் முதலில் புரிந்தது. மலை அதன் ஊரில் இல்லையென்றால் மழை இல்லை, மழை இல்லையென்றால் ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் குறுவை இல்லை. மங்கிகேப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மலை கிளம்பியாக வேண்டும்.

யார் சொல்வது?

மறுநாளிலிருந்து ஊர் தனக்குத் தெரிந்த ஜாடையெல்லாம் காட்டிப் பார்த்தது. மலைக்குக் கேட்கிற மாதிரி, "ஊர்ல வீடு பூட்டிக் கெடந்தா தூசி அடையும்" என்று பேசிக்கொண்டது. "இப்பல்லாம் ராத்திரி பஸ்ல கூட்டமே இல்லையாம்" என்றது. மூன்று வேளையும் உப்புமா கிண்டி அடிவாரத்தில் வைத்தது. எப்பேர்ப்பட்ட விருந்தாளியும் மூன்றாவது உப்புமாவில் பெட்டி கட்டிவிடுவார். மலை உப்புமாவைத் தின்ற எறும்புகளை அன்போடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஹேமலதா டீச்சருக்குத்தான் பளிச்சென்றது. "ஏன்டி, நாச்சின்னா பொம்பளைதானே? வீட்டுக்கு வந்த பொம்பளைக்குக் குங்குமம் கொடுக்காம, வெற்றிலை பாக்கு கொடுக்காம எப்படிக் கிளம்புவா? மரியாதை தெரிஞ்சவ, காத்துக்கிட்டு இருக்கா. கூப்பிட்டவ கொடுக்கணும்."

எல்லோரும் சுகுணாவைப் பார்த்தார்கள். சுகுணா கரண்டியைப் பார்த்தாள்.

கொடுத்தால் மலை போய்விடும். போய்விட்டால் பழுப்பும் போயிற்று, உச்சியும் போயிற்று. இன்னொரு சித்திரை, இன்னொரு வேன், இன்னொரு மூட்டைப் புளியோதரை யார் கண்டது? கொடுக்காவிட்டால் ஊர் நாற்று காயும். "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, அனுப்பக்கூடாது" என்றாள். அடுத்த நாள் அஷ்டமி என்றாள், அதற்கடுத்து நவமி தன்னால் வந்தது. கான்வென்டில் படித்தவளுக்குப் பஞ்சாங்கம் இவ்வளவு தெரியுமா என்று பக்கிரிசாமியே அசந்து போனார். தசமியன்று காலையில் காரணம் தீர்ந்துவிட்டது. அவரே வெற்றிலை பாக்கு குங்குமம் வாங்கி வந்து, கௌசல்யா அதைத் தட்டில் அடுக்கி வைக்க, "அடிவாரத்துல வெச்சு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்கம்மா, ரெண்டு நிமிஷம்" என்றார்.

சுகுணா தட்டைக் கையில் வாங்கினாள். குங்குமத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைத் தட்சிணாமூர்த்தி பார்த்துவிட்டு, காரணம் தெரியாமலே இரண்டடி பின்வாங்கினார்.

"அடிவாரத்துலயா? ஏன் பக்கிரிசாமி சார், உங்க வீட்டுக்கு வர்ற பொம்பளைங்களுக்கு முழங்கால்லதான் குங்குமம் வெப்பீங்களா?"

"இல்ல… அது…"

"நெத்தி எங்க இருக்கோ அங்கதானே வெக்கணும்? நாச்சிமுடிக்கு நெத்தி எங்க இருக்கு? சொல்லுங்க டீச்சர்."

பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நெற்றி உச்சியில்தான் இருந்தது.

"அண்ணி, அப்ப பஜ்ஜி?" என்றாள் கௌசல்யா.

"மாவு கரைச்சிருக்கு. எண்ணெய் சட்டியில இருக்கு. கை உன்கிட்ட இருக்கு."

தட்டில் ஒரு ரவிக்கைத் துணியும் வைத்தாள். கௌசல்யாவின் முகம் மாறியது. போன நவராத்திரிக்கு அவள் சுகுணாவுக்குக் கொடுத்த அதே கிளிப்பச்சைத் துணி, அதற்கு முன் ஹேமலதா டீச்சர் அவளுக்குக் கொடுத்தது, எத்தனையோ வருஷமாக ஊரைச் சுற்றியும் யாரும் தைக்காத துணி. மலைக்காவது பச்சை பிடிக்கும்.

ஏறினாள். முதல் வளைவில் நின்று காது கொடுத்தாள், யாரும் எதையும் எங்கே என்று கேட்கவில்லை. இரண்டாவது வளைவில் நத்தையைத் தாண்டினாள். சோலைக்குள் இலை சொட்டியது, அருவி முகத்தில் தெளித்தது, புல்வெளியில் வரையாடுகள் விலகி வழிவிட்டன, ஓர் அட்டை கணுக்காலில் ஏறியது, இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டாள். மஞ்சு இறங்கி வந்து பாதையில் உட்கார்ந்தது. போஜன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றார்.

"இதுக்கு மேல…" என்று ஆரம்பித்தார். அவள் கையிலிருந்த தட்டையும் அவள் பார்த்த பார்வையையும் பார்த்தார். "இதுக்கு மேல வழுக்குங்கம்மா. பாத்துப் போங்க."

மஞ்சு புடவைத் தலைப்பை விலக்குவது போல விலகியது. வழுக்கைப் பாறை, கூன் மரம், சிவப்புப் பூ. சுகுணா இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

கீழே சிஸ்டர் பெர்னதெத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது, பச்சை, பச்சை, கடல்வரைக்கும் பச்சை, நடுவில் தெப்பக்குளம் ஒரு கைக்கண்ணாடியாக, அவள் சமையலறைப் புகைபோக்கி ஒரு பாக்கு அளவாக. அவள் நின்ற இடம் மட்டும் பழுப்பு, அசல் பழுப்பு. தலை கிறுகிறுத்தது, சிரிப்பு வந்தது, இந்த முறை அவள் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. மலை அதையும் வாங்கித் திருப்பிச் சிரித்தது, ஊர் முழுக்கக் கேட்டது.

பாறையின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். வெற்றிலை பாக்கையும் ரவிக்கைத் துணியையும் வேரடியில் வைத்தாள். கூன் மரம் குனிந்து ஒரு பூவை அவள் கொண்டையில் போட்டது. வாங்கிக்கொண்டவள் கொடுத்தவளுக்கும் ஏதாவது வைத்துவிடுவதுதானே முறை, அதை எப்படியோ கற்றுக்கொண்டிருந்தது.

"போயிட்டு வாங்க" என்றாள் சுகுணா.

நாச்சிமுடி கொசுவத்தை உதறி எழுந்தது. எழுந்து நடந்தது. வந்தவரை வழியனுப்பத் தெருமுனை வரை போவதும் வழக்கம்தான் என்பதால் சுகுணா மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கீழே தட்சிணாமூர்த்தி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சுகுணா! எங்க போறே?"

"தெருமுனை வரைக்கும்!"

"தெருமுனை தாண்டிருச்சேடி!"

"இது நம்ம தெருமுனை! அவங்க தெருமுனை இன்னும் வரலை!"

மலை பாமணியாற்றை ஒரே எட்டில் தாண்டியது, தஞ்சாவூர் கோபுரத்துக்கு ஒரு வணக்கம் வைத்தது, மேற்கே மேற்கே போய் ஒரு புள்ளியானது. சிரிப்புச் சத்தம் மட்டும் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மேகங்கள் சாய்ந்துகொண்டன. ஆடியில் ஆறு நிறையத் தண்ணீர் வந்தது, தண்ணீரில் சிவப்புப் பூ மிதந்து வந்தது, அதற்கடுத்த பஸ்ஸில் சுகுணா வந்தாள், கணுக்காலில் அட்டைக்கடியும் கையில் போஜன் சம்சாரம் கொடுத்த தேயிலைப் பொட்டலமுமாக. தட்சிணாமூர்த்தி ரசம் வைத்திருந்தார். சீரகம் போட்டிருந்தது.

மூன்றாம் தெருவுக்குச் சூரியன் பழையபடி நேரத்துக்கு வருகிறது. ஒன்றே ஒன்றுதான் ஊரில் மாறியிருக்கிறது. கல்யாண மண்டபத்திலோ கடைத்தெருவிலோ சுகுணாவிடம் விடைபெறும்போது யாராவது வாய் தவறி, "ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அதற்குள் சுகுணா செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள்.

"கண்டிப்பா" என்பாள். "இப்பவேவா?"